டிப்ரஷன்ல இருக்கும்போது சாப்பாட்டை எப்படி சரி பண்றது: அடுப்பு பக்கமே போக முடியாத நாள்ல இருந்து ஆரம்பிக்கற ஒரு முழு வழிகாட்டி

மனசு சரியில்லைன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க, கொஞ்ச நேரத்துல வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் வந்துடும். பாதாம், வாழைப்பழம், டார்க் சாக்லேட், மாதுளை, கூடவே "தினமும் சிரிங்க"ன்னு ஒரு பூ படம். லிஸ்ட்ல பெருசா தப்பு ஒண்ணும் இல்லங்க. ஆனா டிப்ரஷன்ல கெடக்கறவங்களுக்கு என்ன சாப்பிடணும்னு தெரியாமலா இருக்கு? எந்திரிக்கணும், பல்லு வெளக்கணும், சிங்க்ல காஞ்சு போய் கெடக்கற நேத்து பாத்திரத்தைக் கழுவணும், அப்புறம்தான் அடுப்பைப் பத்த வைக்கணும், இதுல ரெண்டாவது வேலைக்கு வர்றதுக்குள்ளயே திரும்பப் போய் படுத்துக்கறாங்க, அதுதான் உண்மையான பிரச்சனை. என் தம்பி டிப்ரஷன்ல இருந்த காலத்துல அவனுக்கு சமைச்சுப் போட்டது நான்தான், அதனால சத்து டேபிள்ல இருந்து ஆரம்பிக்காம மோசமான நாள்ல இருந்தே ஆரம்பிக்கறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். உயிரோட இருக்க வேணாம்னு நினைப்பு வருதா, சாப்பாடு தண்ணி ரெண்டுமே இறங்கலையா, அப்ப இதைப் படிச்சுட்டு இருக்காதீங்க. 14416க்கு போன் போடுங்க, அதுதான் டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். இலங்கைல இருக்கறவங்க 1926. பக்கத்துல யாராவது இருந்தா அவங்களைக் கூட்டிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

சாப்பாட்டால என்ன ஆகும், என்ன ஆகாது

"மாத்திரையே வேணாம், சாப்பாட்டுலயே சரி பண்ணிடலாம்"னு சொல்ற வீடியோக்களைத் தள்ளி வைங்க. அதே மாதிரி "சாப்பாட்டுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்"னு கேக்கறதும் சரி கிடையாது. ஆஸ்திரேலியால டீக்கின் யுனிவர்சிட்டி பேராசிரியர் ஃபெலிஸ் ஜாக்கா டீம் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, பேரு ஸ்மைல்ஸ், 2017ல வெளியாச்சு. டிப்ரஷன் நல்லாவே இருக்கற, சாப்பாடும் மோசமா இருக்கற 67 பேரை எடுத்தாங்க. ஒரு பாதிக்கு 12 வாரம் டயட்டீஷியன் உக்காந்து பேசி சாப்பாட்டை மாத்தி விட்டாங்க, இன்னொரு பாதிக்கு ஒரு ஆள் வந்து அதே அளவு நேரம் சும்மா பேசிட்டுப் போனார். கடைசில சாப்பாட்டை மாத்தினவங்கள்ல 32 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் அடங்கிடுச்சு, பேச்சு மட்டும் கெடைச்சவங்கள்ல 8 சதவீதம் பேருக்குத்தான்.

கேக்க நல்லா இருக்குல்ல, ஆனா ரெண்டு விஷயத்தைப் பாருங்க. ஒண்ணு, சின்ன ஆராய்ச்சி, யாரு எந்த குரூப்புன்னு அவங்களுக்கே தெரியும். ரெண்டாவது, வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஏற்கனவே மாத்திரையோ கவுன்சிலிங்கோ எடுத்துட்டு இருந்தவங்க, அதை நிறுத்திட்டு டயட்டுக்கு வரல, அது மேலயே இதையும் சேத்துக்கிட்டாங்க. நாமளும் அப்படித்தான் பாக்கணும்.

வாழைப்பழத்துல செரடோனின், அதாவது மனநிலையோட சம்பந்தப்பட்ட ஒரு ரசாயனம், இருக்கு, சாப்பிட்டா சந்தோஷம் வரும்னு சொல்றதும் அரைகுறைதான். பழத்துல செரடோனின் இருக்கறது உண்மை, நம்ம உடம்புல இருக்கற செரடோனின்ல 90 சதவீதம் குடல்லதான் இருக்குங்கறதும் உண்மை, ஆனா அது ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள நேரா போக முடியாது, நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. வாழைப்பழம் நல்லதுதான், உரிச்ச உடனே சாப்பிடலாம்ல, டிப்ரஷன்ல அதுவே பெரிய விஷயம்.

ஸ்டெப் 1: மெனுவை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட்

எல்லாத்துக்கும் முன்னாடி இதைப் பண்ணிடுங்க. ஏன்னா சோர்வு, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கறது, மறதி, எரிச்சல் இதெல்லாம் வேற காரணத்தாலயும் வரும், இருக்கற டிப்ரஷனை அது இன்னும் அழுத்தும். டாக்டர்கிட்ட கேட்டு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு இருப்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சுகர், இவ்வளவும் பாத்துடுங்க.

பி12 பத்தி கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். இது காய்கறி, பருப்பு, கீரைல கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இதுலதான் இருக்கு. சுத்த சைவம் சாப்பிட்டு பாலும் கம்மியா எடுக்கறவங்களுக்கு, வயசானவங்களுக்கு, சுகருக்கு மெட்ஃபார்மின் ரொம்ப வருஷமா போடறவங்களுக்கு, கேஸ் மாத்திரையை தினமும் காலைல மிட்டாய் மாதிரி போட்டுக்கறவங்களுக்கு எல்லாம் இது குறைய வாய்ப்பு அதிகம். கால்ல எரிச்சல், மரத்துப் போறது, மறதி, கூடவே மனசு டல்லு, இது நாலும் சேந்து இருந்தா கண்டிப்பா பாருங்க. குறைஞ்சிருந்தா சாப்பாட்டால மட்டும் மேல கொண்டு வர நாளாகும், ஊசியா மாத்திரையான்னு டாக்டர் சொல்லுவாங்க. பழைய சோத்துல பி12 கொட்டிக் கெடக்குன்னு சுத்தற மெசேஜை நம்பி ஊசியைத் தள்ளிப் போடாதீங்க, பழைய சோறு வேற காரணத்துக்காக நல்லது, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

அடுத்தது ரத்தசோகை. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. பாதிக்கு மேல! நம்ம வீட்டு பொம்பளைங்க "எனக்கு எப்பவுமே இப்படித்தான் அசதியா இருக்கும்"னு சொல்றதுல எவ்வளவு இதுன்னு யோசிச்சுப் பாருங்க.

டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னா சத்து மாத்திரை வாங்கிக் குவிக்க வேண்டியது இல்ல. 2019ல ஐரோப்பால நாலு நாட்டுல 1,025 பேருக்கு ஒரு வருஷம் மல்டி விட்டமின் மாதிரி கலவை மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, டிப்ரஷன் வராம அது தடுக்கல. 2020ல அமெரிக்கால 18,000 பேருக்கு மேல வச்சு அஞ்சு வருஷத்துக்கு மேல வைட்டமின் டியைப் பாத்தாங்க, அதுவும் தடுக்கல. குறைவா இருந்தா எடுத்துக்கணும், இல்லைன்னா அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

ஸ்டெப் 2: என்ன சாப்பிடறதுங்கறதை விடுங்க, எப்ப சாப்பிடறதுன்னு பாருங்க

டிப்ரஷன்ல சாப்பாடு ரெண்டு விதமா கெடும். சிலருக்கு பசியே எடுக்காது, வாயில வச்சா மண்ணு மாதிரி இருக்கும், துணி லூசாகும். சிலருக்கு நேர்மாறா, பகல் பூரா ஒண்ணும் இல்லாம ராத்திரி 11 மணிக்கு மேல டெலிவரி ஆப்பைத் திறந்து பரோட்டா, ஃப்ரைட் ரைஸ், கூட ஒரு ஐஸ்க்ரீம். ரெண்டு பேருக்கும் முதல் மருந்து ஒண்ணுதான், நேரம்.

காலைல எந்திரிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள எதையாவது, மத்தியானம் ஒரு நேரம், ராத்திரி 8, எட்டரைக்குள்ள. போன்ல அலாரம் வைங்க, அலாரத்துக்கு பேரு "லஞ்ச்"னு வைக்காம "ரெண்டு வாய்"னு வைங்க, ஏன்னா அவ்வளவுதான் டார்கெட். பசி எடுத்தா சாப்பிடலாம்னு காத்திருந்தா வேலைக்கு ஆகாது, இந்த நோய்ல பசி சிக்னல் நம்பற மாதிரி இருக்காது. மணி ஆச்சா, ரெண்டு வாய். அப்புறம் தோணுச்சுன்னா மூணாவது.

காலைல நம்ம ஊர்ல பெரிய பிரச்சனை என்னன்னா காபி. ஒரு காபி, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு, அப்படியே 12 மணி. காபில பசி அமுங்கிடும், அப்புறம் கை நடுங்கும், படபடப்பு வரும், அது டிப்ரஷனா பதட்டமா பசியான்னே தெரியாது. காபியை விடச் சொல்லல, அது கூட ஒரு வாழைப்பழமோ ரெண்டு இட்லியோ போகணும். முடிஞ்சா அதை வாசப்படிலயோ பால்கனிலயோ மொட்டை மாடிலயோ வெளிச்சத்துல உக்காந்து சாப்பிடுங்க, காலை வெளிச்சம் ராத்திரி தூக்கத்துக்கு உதவும், தூக்கம் சரியானா பசியும் மெதுவா நேரத்துக்கு வரும்.

ஸ்டெப் 3: மோசமான நாள், சுமாரான நாள், நல்ல நாள், மூணுக்கும் தனித்தனி சாப்பாடு

இதுதான் இருக்கறதுலயே முக்கியமானது. ஒரே டயட் சார்ட்டை எல்லா நாளைக்கும் போட்டா மூணாவது நாளே கைவிட்டுடுவீங்க, கைவிட்டோமேன்னு அதுக்கு வேற ஒரு குற்ற உணர்ச்சி.

மோசமான நாளுக்கு ஒரு டப்பா. பெரிய எவர்சில்வர் டப்பாவோ பிளாஸ்டிக் டப்பாவோ, சமையக்கட்டுல வேணாம், படுக்கற இடத்துக்குப் பக்கத்துல இருக்கணும். உள்ள பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, கடலை மிட்டாய், பேரிச்சம்பழம், உலர் திராட்சை, சின்ன பாக்கெட் பால் பவுடர். பக்கத்துல ஒரு தண்ணி பாட்டில், ஒரு சீப்பு வாழைப்பழம். தம்பிக்கு நான் வச்ச டப்பால முதல்ல முறுக்கும் சேவும்தான் காலியாச்சு, கடலை அப்படியே இருந்துச்சு. சரின்னு அடுத்த தடவை முறுக்கைக் குறைச்சு கடலை மிட்டாயை அதிகமா வச்சேன், அது காலியாச்சு. சண்டை போடாம அப்படித்தான் மாத்தணும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம், அதுலயே 7 கிராம் புரோட்டீன் வந்துடும், கழுவறதுக்கு பாத்திரமும் இல்ல.

சுமாரான நாள்னா அஞ்சு நிமிஷம் அடுப்பு பக்கம் நிக்க முடியும். அதுக்கு சத்துமாவுக் கஞ்சி, அவிச்ச முட்டை, தயிர் சாதம். முட்டையை ஒண்ணு ரெண்டா அவிக்காதீங்க, ஆறா அவிச்சு ஓட்டோட ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, வேணும்கிறப்ப உரிச்சு மிளகு உப்பு. சத்துமாவு கரைக்கறப்ப முதல்ல பச்சைத் தண்ணில கட்டி இல்லாம கரைச்சுட்டு அப்புறம் அடுப்புல வைங்க, கட்டி விழுந்த கஞ்சி குடிக்க நல்லா இருக்கறவனுக்கே மனசு வராது. பழைய சோறு இங்கதான் வரும். ராத்திரி மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வச்சா காலைல தயிர் விட்டு ரெண்டு சின்ன வெங்காயம், சமைக்கவே வேணாம். வெயில் காலத்துல புளிச்ச வாடை தூக்கலா அடிச்சா கொட்டிடுங்க.

நல்ல நாள்ல டபுளா சமைங்க. அந்த நாள் வர்றப்ப எல்லா வேலையையும் ஒரே நாள்ல செஞ்சு தள்ளிடணும்னு தோணும், அதுல பாதித் தெம்பை சமையலுக்கு ஒதுக்குங்க. எங்க பக்கம் அரிசி பருப்பு சாதம்னு ஒண்ணு பண்ணுவோம், இதுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு ரெண்டையும் கழுவி வச்சுடுங்க. குக்கர்ல எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, நறுக்கின சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்குங்க, மஞ்சத்தூள், கொஞ்சம் சாம்பார் பொடி, உப்பு. நாலு டம்ளர் தண்ணி ஊத்தி கொதிச்சதும் அரிசி பருப்பைப் போட்டு, முருங்கைக்கீரை இருந்தா ஒரு பிடி உருவிப் போட்டு மூடி மூணு நாலு விசில். நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு ஸ்பூன். ஒரே பாத்திரம், அதுலயே சோறு, பருப்பு, கீரை மூணும் வந்துடுச்சு. ஆறினதும் பாதியை ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டா நாளைக்கு மோசமான நாளா இருந்தாலும் சுடவச்சா போதும்.

மூணு நாள்ல எந்த நாள்னு காலைலயே முடிவு பண்ண வேணாம். மத்தியானம் மனசு கீழ எறங்கினா டப்பா இருக்கு, அவ்வளவுதான்.

ஸ்டெப் 4: தட்டுல சோறு மலையை இறக்கி பக்கத்துல பருப்பு, காய் சேக்கறது

ஸ்டெப் 3 ஓரளவுக்குப் பழகினதுக்கு அப்புறம்தான் இது, அவசரப்படாதீங்க. நம்ம ஒரு நாளைப் பாருங்க. காலைல தோசை, மத்தியானம் சோறு, சாயங்காலம் பஜ்ஜி பிஸ்கட், ராத்திரி இட்லி. எல்லாமே கிட்டத்தட்ட மாவுச்சத்து, பருப்புன்னு பாத்தா தண்ணியா ஒரு சாம்பார். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதோட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஹைதராபாத்ல இருக்கு, அவங்க 2024ல போட்ட வழிகாட்டுதல்ல தானியத்துல இருந்து வர்ற கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேணாம்ங்கறாங்க. புரோட்டீன் ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம்னு கணக்கு, 60 கிலோ ஆளுக்கு 50 கிராம் கிட்ட.

50 கிராம் எப்படி வரும்? ரெண்டு முட்டைல 12. சாம்பாரைக் கெட்டியா வச்சு ஒரு ஆளுக்கு 30 கிராம் பருப்பு போனா 7. ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. ஒரு கப் தயிர்ல 5. சாயங்காலம் பஜ்ஜிக்கு பதிலா கொண்டக்கடலை சுண்டல், 50 கிராம் ஊறப் போட்டா 10 கிட்ட. மிச்சம் இட்லி, சோறுல இருந்தே வந்துடும். புரோட்டீன் பவுடர் டப்பா எதுக்கு சொல்லுங்க.

ஸ்மைல்ஸ்ல குடுத்தது மெடிட்டரேனியன் டயட், அதாவது மத்திய தரைக்கடல் பக்கத்து சாப்பாட்டு முறை, கேட்ட உடனே ஆலிவ் ஆயில், சால்மன் மீன்னு பயந்துடாதீங்க. அதுல உண்மையா இருந்தது முழு தானியம், நிறைய காய், பழம், பருப்பு பயறு வாரத்துல மூணு நாலு தடவை, மீன் ரெண்டு தடவையாவது, தினமும் கொஞ்சம் நட்ஸ், பால் தயிர், இனிப்பு நொறுக்குத்தீனி பொரிச்சது எல்லாம் சேத்து வாரத்துக்கு மூணு தடவைக்கு மேல இல்ல. நம்ம ஊருக்கு மாத்தினா கம்பு, கேழ்வரகு, கீரை, கொய்யா, சுண்டல், மத்தி, வேர்க்கடலை, தயிர், கடலெண்ணெய். நம்ம பாட்டி வீட்டு சாப்பாடுதாங்க. செலவும் ஏறணும்னு இல்ல, அந்த ஆராய்ச்சில வந்தவங்க வாரத்துக்கு சராசரியா 138 ஆஸ்திரேலிய டாலர் சாப்பாட்டுக்கு செலவு பண்ணிட்டு இருந்தாங்க, இந்த டயட்டுக்கு 112 டாலர் போதும்னு கணக்கு வந்துச்சு.

ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். முதல் வாரம் சாம்பார் கெட்டியாகட்டும். அடுத்த வாரம் சுண்டல். பூராத்தையும் திங்கக்கிழமைல இருந்து மாத்தறேன்னு கெளம்பினா புதன்கிழமை படுத்துக்குவீங்க.

ஸ்டெப் 5: மீன்

மூளைக்கு வேணும்ங்கற ஒமேகா 3 கொழுப்பு அதிகமா இருக்கறது வெலை கூடின வஞ்சிரத்துலதான்னு இல்ல, மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி மாதிரி வெலை கம்மியான சின்ன மீன்லயே நல்லா இருக்கு. மத்தியை சாளைன்னு சொன்னா தெக்கத்தி ஆளுங்களுக்குப் புரியும். எண்ணெய்ல முக்கி வறுக்கறதை விட குழம்பு வைங்க, இல்ல தோசைக்கல்லுல ரெண்டு ஸ்பூன் எண்ணெய். மீன் சுத்தம் பண்றதுதான் பெரிய வேலை, கடைலயே வெட்டி வாங்கிடுங்க, அதுக்கு கொஞ்சம் காசு கூட ஆனா ஆகட்டும், இந்த நேரத்துல உங்க தெம்பு அதை விட வெலை கூட.

சைவம்னா ஆளிவிதை, வால்நட். இதுல இருக்கற ஒமேகா வேற வகை, உடம்பு அதுல கொஞ்சத்தைத்தான் மீன்ல இருக்கற மாதிரி மாத்திக்கும், இருந்தாலும் சாப்பிடுங்க. கேப்சூல் வாங்கறதா இருந்தா டாக்டரைக் கேட்டுக்கங்க, முக்கியமா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க.

ஸ்டெப் 6: காபி, டீ, சரக்கு, ராத்திரி பரோட்டா

காபி டீக்கு ஐசிஎம்ஆர் சொல்ற லிமிட் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபைன். ஒரு 150 மில்லி ஃபில்டர் காபில 80ல இருந்து 120 வரைக்கும் இருக்கும், டீல 30ல இருந்து 65. ஸ்ட்ராங்கா குடிக்கறவங்க ரெண்டு மூணு டம்ளர்லயே லிமிட்டைத் தொட்டுடுவீங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் வேணாம், சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது. மத்தியானம் சாப்பிட்ட உடனே ஒரு டீங்கற பழக்கம் ரத்தசோகைக்காரங்களுக்கு எதிரி. அதுக்கு பதிலா கீரை பருப்பு மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கங்க, நெல்லிக்காய் ஒண்ணு கடிச்சுக்கங்க, இரும்பு நல்லா சேரும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல காபி வேணாம்.

சரக்கு விஷயத்துல நான் வளைச்சு பேச மாட்டேன். குடிச்ச அந்த நேரம் லேசா இருக்கற மாதிரி இருக்கும், தூக்கமும் சட்டுன்னு வரும், ஆனா ராத்திரி பின்பாதி தூக்கத்தைக் கெடுத்துடும், மறுநாள் மனசு முந்தின நாளை விட கீழ இருக்கும். மாத்திரை போட்டுட்டு குடிக்கறது ஆபத்து. தினமும் நிறைய குடிக்கறவங்க படக்குன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரைக்கும் வரலாம், டாக்டர் கூட இருந்து நிறுத்தணும்.

பரோட்டா, பிஸ்கட், சிப்ஸ், கூல்ட்ரிங்க்ஸ் நிறைய எடுக்கறவங்களுக்கு டிப்ரஷன் அதிகமா இருக்குன்னு நிறைய ஆராய்ச்சில தெரியுது. இதுல எது முதல்ல, அதைச் சாப்பிட்டதால மனசு கெட்டுச்சா, மனசு கெட்டதால அதைச் சாப்பிட்டாங்களா, ரெண்டுமே நடக்கும். நான் தடை போடச் சொல்ல மாட்டேன். ராத்திரி எட்டு மணி சாப்பாடு ஒழுங்கா உள்ள போச்சுன்னா 11 மணி பரோட்டா பாதி தானா குறையும். வாரத்துல ஒரு நாள் ஃப்ரெண்ட்ஸோட போய் கொத்து பரோட்டா சாப்பிட்டா சாப்பிடுங்க, ஆளுங்களோட உக்காந்து சாப்பிட்டதுக்கு ஒரு பலன் இருக்கு.

ஸ்டெப் 7: மாத்திரையும் சாப்பாடும்

டிப்ரஷன் மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல குமட்டல், பசியில்லாம இருக்கறது சகஜம், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கும். வெறும் வயித்துல போடாம சாப்பாட்டோட போடலாமான்னு டாக்டரைக் கேளுங்க, நிறைய மாத்திரையை அப்படிப் போடலாம். சில மாத்திரை நேர்மாறா பசியைக் கிளப்பி விடும், மிர்டாசபின், ஓலான்சபின் மாதிரி, எடை ஏறும். எடை ஏறுதுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, சொன்னா வேற மாத்திரை மாத்தித் தருவாங்க, அதுக்குத்தான் அவங்க இருக்காங்க.

மனசு ரொம்ப ஏறி இறங்கறதுக்குக் குடுக்கற லித்தியம் மாத்திரை போடறவங்க உப்பையும் தண்ணியையும் திடீர்னு கூட்டிக் குறைக்கக் கூடாது. உப்பு குறைஞ்சாலோ, வாந்தி பேதில உடம்புல தண்ணி குறைஞ்சாலோ ரத்தத்துல லித்தியம் ஏறிடும், அது விஷம் மாதிரி ஆகும். ஏகாதசி, ரம்ஜான் நோன்பு, எந்த விரதமா இருந்தாலும் முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க.

ஆன்லைன்ல "இயற்கை மூட் பூஸ்டர்"னு விக்கற செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கற மூலிகை, 5 ஹெச்டிபி மாத்திரை இதெல்லாம் டிப்ரஷன் மாத்திரையோட சேந்தா செரடோனின் அளவுக்கு மீறிப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இயற்கைன்னு போட்டிருந்தா பாதுகாப்புன்னு அர்த்தம் இல்லைங்க.

ஸ்டெப் 8: வீட்டுல இருக்கறவங்களுக்கு

"ஒழுங்கா நேரத்துக்கு சாப்பிட்டாலே எல்லாம் சரியாப் போயிடும்டா"ன்னு எங்கம்மா ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லுவாங்க. அன்புலதான் சொன்னாங்க, ஆனா அவனுக்கு அது "நீ சாப்பிடாததாலதான் உனக்கு இப்படி"ன்னு கேக்கும், தட்டைத் தள்ளிடுவான்.

"என்ன சாப்பிடற?"ன்னு கேக்காதீங்க. முடிவெடுக்கறதுதான் அவங்களுக்குக் கஷ்டமான வேலையே. நான் ரூம் கதவைத் திறந்து "தம்பி, தோசை ஊத்தறேன், முட்டை தோசையா சாதா தோசையா?"ன்னு கேப்பேன். "எதுவோ ஒண்ணுக்கா"ம்பான். "அப்ப முட்டை." அவ்வளவுதான் பேச்சு. தட்டைக் கொண்டு போய் குடுத்துட்டு நானும் ஒரு தட்டோட கீழ உக்காந்துக்குவேன், அவன் சாப்பிடறதைப் பாக்க மாட்டேன், போன்ல ஏதாவது பாத்துட்டு இருப்பேன். பாதி தோசைல எந்திரிச்சா சரின்னு எடுத்துட்டு வந்துடுவேன். "இன்னும் ஒரு வாய், எனக்காக"ன்னு கெஞ்சறது, எவ்வளவு சாப்பிட்டான்னு அவன் காதுபடவே அம்மாகிட்ட ரிப்போர்ட் சொல்றது, ரெண்டும் வேணாம்.

கொஞ்சம் தெளிஞ்சதும் சின்ன வேலை ஒண்ணு குடுங்க. பூண்டு உரிக்கறது, கீரை ஆயறது, பட்டாணி உரிக்கறது. உக்காந்துக்கிட்டே கைக்கு மட்டும் வேலை, யோசிக்க வேணாம், முடிஞ்சதும் கண்ணு முன்னாடி ஒரு கிண்ணம் நிறைஞ்சிருக்கும். சின்னச் சின்ன செயலா திரும்ப ஆரம்பிக்க வைக்கறது டிப்ரஷனுக்கு குடுக்கற சிகிச்சைல ஒரு முக்கியமான வழி, கவுன்சிலருங்க பேர் வச்சு பண்றதை நாம கீரைக்கட்டோட பண்றோம்.

தனியா ரூம் எடுத்து இருக்கறவங்களுக்கு இதெல்லாம் கெடைக்காது, தெரியும். ஒரு ஃப்ரெண்டுக்கு மத்தியானம் வீடியோ கால் போட்டு ரெண்டு பேரும் சாப்பிடுங்க, இல்ல பக்கத்து மெஸ்ல மாசச் சாப்பாடு சொல்லிடுங்க, காசு கட்டிட்டோமேன்னாவது ரெண்டு தெரு நடந்து போவீங்க. தனியா சாப்பிடறப்ப டிவி பாக்கக் கூடாதுன்னு சட்டம் பேசறவங்களைக் கண்டுக்காதீங்க, டிவி ஓடினாத்தான் தட்டு காலியாகும்னா ஓடட்டும்.

யாருக்கு இது ஒத்து வராது

முன்னாடி எப்பவாவது பட்டினி கெடந்து எடையைக் குறைக்கறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கறது மாதிரி பிரச்சனை இருந்தவங்க இந்த கிராம் கணக்கு எதையும் எடுத்துக்காதீங்க, நேரம் மட்டும் போதும், மிச்சத்தை டாக்டரோட பேசுங்க. கர்ப்பமா இருக்கறவங்க, குழந்தை பெத்து டிப்ரஷன்ல இருக்கறவங்க, கிட்னி பிரச்சனைக்காரங்க, சுகர்காரங்களும் அப்படியே. சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு சாப்பாட்டைத் தவற விடறது ரொம்ப ஆபத்து.

எவ்வளவு நாள்ல தெரியும்

ஸ்மைல்ஸ்லயே 12 வாரம் ஆச்சு. நேரத்துக்கு சாப்பிட ஆரம்பிச்சா முதல்ல தெரியறது மனசுல இல்ல, மலச்சிக்கல் குறையும், மத்தியான தலைவலி குறையும், ராத்திரி கொஞ்சம் முன்னாடி தூக்கம் வரும். மனசு அதுக்கப்புறம் மெதுவாத்தான். ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா அடுத்த வேளைல இருந்து ஆரம்பிங்க, அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க.

ஆனா ஒரே மாசத்துல எடை 5 சதவீதத்துக்கு மேல ஏறினாலோ இறங்கினாலோ, அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ, அல்லது ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் மனசு கீழயே கெடந்தாலோ சாப்பாட்டை வச்சு சமாளிக்கப் பாக்காதீங்க, டாக்டரைப் பாருங்க. 2015-16ல பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் எடுத்த சர்வேல நம்ம நாட்டுல பெரியவங்கள்ல 20 பேர்ல ஒருத்தருக்கு வாழ்க்கைல ஒரு தடவையாவது டிப்ரஷன் வந்திருக்குன்னு தெரிஞ்சுது, அதனால அந்த கியூல நீங்க மட்டும் உக்காந்திருக்க மாட்டீங்க. தமிழ்நாட்டுல மாவட்ட அரசு ஆஸ்பத்திரிலயே மனநலப் பிரிவு இருக்கு.

போறப்ப ஒரு துண்டுச் சீட்டுல இதை எழுதிட்டுப் போங்க: போன மாச எடை, இந்த மாச எடை, ஒரு நாளைக்கு எத்தனை வேளை உள்ள போகுது, காபி எத்தனை, குடிக்கறீங்களா, வேற என்ன மாத்திரை, சித்தா ஆயுர்வேத மருந்தும் சேத்து. அங்க போய் உக்காந்ததும் எல்லாம் மறந்துடும், பேச்சும் வராது, சீட்டை அப்படியே நீட்டிடுங்க.